வேலூர் சிஎம்சி உருவாகப் பணம் எங்கிருந்து வந்தது? ஐடா ஸ்கடரும் ஏழு கல்லூரிகளின் கூட்டு வசூலும்

ஐடி பயிற்சிக்காக மைசூருவில் சில மாதங்கள் தங்கியிருந்தால், இர்வின் சாலையில் உள்ள மைசூர் மருத்துவக் கல்லூரியை நீங்கள் ஒருமுறையாவது கடந்து போயிருப்பீர்கள். 1924-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டு, 1930-ல் மைசூருக்கு மாறிய கல்லூரி அது. அதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் எளிது: சமஸ்தானத்தின் கஜானா. அதே ஊரில் 1906-ல் திறக்கப்பட்ட ‘மிஷன் ஆஸ்பத்திரி’க்கு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்று பெயர். யாருடைய நினைவாக வந்த பணம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

வேலூரை ராஜா இல்லாத கோட்டை என்று அந்த ஊர்க்காரர்களே கேலியாகச் சொல்வார்கள். ராஜா இல்லை, அதனால் கஜானாவும் இல்லை. ஆனாலும் மைசூர் அரசு தன் மருத்துவக் கல்லூரியைத் திறப்பதற்கு 6 வருடம் முன்பே, 1918-ல், பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளி வேலூரில் திறந்துவிட்டது. இன்றைய சிஎம்சியின் தொடக்கம் அதுதான். அதற்கான பணத்தைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் டாக்டர் ஐடா ஸ்கடர். அந்தப் பணத்தோடு வந்த நிபந்தனைகளைச் சுமந்தவரும் அவர்தான்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர், யாழ்ப்பாணத்திலும் பிறகு சென்னையிலும் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர். குடும்பமே இந்தத் தொழிலில் இருந்ததாலோ என்னவோ, ஐடாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மூன்று பேருடைய மனைவிகளும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட மூன்று வீட்டாருக்கும் மனமில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படிக்கத் தீர்மானித்தார். 1895-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு கார்னலுக்கு மாறி 1899-ல் பட்டம் பெற்றார்.

இந்தக் கதை சொல்லப்படும் அளவுக்கு, அடுத்து நடந்தது சொல்லப்படுவதில்லை. கப்பல் ஏறுவதற்கு முன் வேலூரில் ஒரு பெண்கள் மருத்துவமனைக்குப் பணம் திரட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. கடைசியில் கைகொடுத்தவர் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர். இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது. நம்மூரில் அன்னதானம் செய்துவிட்டுக் கல்வெட்டில் பேர் போடுவது போலத்தான் இதுவும். ஒரு கொடையாளர், ஒரு கட்டடம், கணக்கு முடிந்தது.

ஆனால் ஒரு கல்லூரியை அப்படி நடத்த முடியாது. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் தேவை. ஆசிரியர்களுக்கும் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் வருஷா வருஷம் தேவை. 1922-ல் எல்.எம்.பி. படிப்பின் முதல் அணியில் 14 பெண்கள் தேறி வந்தபோது வேலூரின் சிக்கல் இதுதான்: பள்ளி ஜெயித்துவிட்டது, ஆனால் இடம் இல்லை.

ஏழு பேருக்கு ஒரே உண்டியல்

வேலூருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை இது. சென்னையில் 1915-ல் 41 மாணவிகளோடு தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி (டபிள்யூசிசி), லக்னோவில் இசபெல்லா தோபர்ன், டோக்கியோவில் ஒன்று, நான்ஜிங்கில் ஜின்லிங், பீஜிங்கில் ஒரு கலைக் கல்லூரியும் ஒரு மருத்துவக் கல்லூரியும். எல்லாமே தனியார் கல்லூரிகள், எல்லாமே பெண்களுக்கானவை, எல்லாருக்கும் பணம் அமெரிக்கச் சபைகளில் இருந்துதான் வர வேண்டும். ஏழு பேரும் தனித்தனியாகப் போய் ஒரே வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? முதலில் தட்டியவருக்கு ஏதாவது கிடைக்கும், மற்றவர்களுக்குக் கதவே திறக்காது.

லூசி பீபாடி என்ற பெண் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். அமெரிக்கச் சபைகளின் பெண்கள் அமைப்புகளில் பெரிய செல்வாக்கு உள்ளவர், ஐடாவின் நெருங்கிய தோழி. ஹெலன் பாரெட் மாண்ட்கோமரியோடு சேர்ந்து அவர் நடத்திய திட்டம் எளிமையானது: ஏழு கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே வசூல், கிடைப்பதைப் பங்கிடுவது.

இந்த இடத்தில் ராக்ஃபெல்லர் வருகிறார். அவர் தன் மனைவி லாரா ஸ்பெல்மன் நினைவாக 1918-ல் ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார். (ஷெல்லும் மனைவியின் பெயரில்தான் கொடுத்தார். உயிரோடு இருக்கும் பெண்கள் படிப்பதற்கு, இறந்த பெண்களின் பெயரில்தான் பெரிய பணம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.) அந்த அறக்கட்டளை வைத்த நிபந்தனை: 1922 முடிவதற்குள் நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், நாங்கள் 10 லட்சம் தருகிறோம்.

இன்று ‘மேட்சிங் கிராண்ட்’ என்று உங்கள் ஆபீஸ் சிஎஸ்ஆர் மெயிலில் வருகிறதே, அதேதான். கொடுப்பவருக்கு இதில் லாபம்: தான் போடும் ஒரு டாலர் மூன்றாகிறது, திட்டத்துக்கு ஊரில் உண்மையான ஆதரவு இருக்கிறதா என்ற சோதனையும் நடந்துவிடுகிறது. வாங்குபவருக்கு நெருக்கடி. ஆனால் அந்த நெருக்கடியே ஒரு விளம்பரம். நீங்கள் தரும் 2 டாலரோடு இன்னொரு டாலர் சேர்ந்து வரும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லலாம் இல்லையா?

ஐடா 1922-ல் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். ஆளுக்கு ஒரு டாலர் என்ற அழைப்போடு சபைப் பெண்கள் வசூலித்தார்கள். இலக்கை எட்டினார்கள். ராக்ஃபெல்லர் பங்கோடு சேர்த்து வந்த மொத்தம் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பார்த்தால் இன்று சுமார் 5.5 கோடி டாலர், நம்ம கணக்கில் 450 கோடி ரூபாய்க்கு மேல். வேலூரின் பங்கில் நகருக்குள் பெரிய மருத்துவமனை வந்தது. 1928-ல் பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கு வேலை தொடங்கியது.

கொடுத்தவர்களுக்கு என்ன உரிமை?

1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பையே நிறுத்த முடிவெடுத்தது. இனி சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். மட்டும்தான். அதற்கு அதிகப் படுக்கைகள், ஆய்வகங்கள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இல்லையென்றால் மூடவேண்டியதுதான். ஐடாவுக்கு அப்போது வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வழி இருந்தது. இந்தியாவில் இருந்த பல மிஷன்கள், ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஒரே பெரிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று நினைத்தன. வேலூர் ஆண்களைச் சேர்த்துக்கொண்டால் அவற்றின் பணமும் ஆட்களும் வருவார்கள்.

லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. பெண்கள், பெண்களுக்காகக் கொடுத்த பணம் அது. ஆண்களை உள்ளே விட்டால் பொறுப்பும் இடங்களும் மெல்ல அவர்கள் கைக்குப் போகும் என்பது அவர் பயம். ஒரு டாலர் கொடுத்த அத்தனை பெண்களுக்கும் தந்த வாக்கு என்ன ஆவது?

ஐடா ரொம்ப நாள் தடுமாறினார். கடைசியில் ஆண்களைச் சேர்ப்பதற்குச் சம்மதித்தார். பெண்களுக்கு மட்டும் என்று பிடிவாதமாக இருந்து, யாருக்கும் பட்டம் தரமுடியாமல் மூடுவதைவிட இது மேல் என்பது அவர் கணக்கு. என் பார்வையில் அது சரியான முடிவு. ஆனால் அதற்கான விலையை அவர் தன் சொந்த வாழ்க்கையில் கொடுத்தார். தன் கனவுக்குப் பணம் கொண்டுவந்த தோழியின் பேச்சை மீறித்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

1941-ல் மறுபடி அமெரிக்கா போனார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 70 வயதைத் தாண்டிய பெண், அதே பழைய வேலை: ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்பது. 1945 வரை அங்கேதான் இருந்தார். 1942-ல் வேலூரில் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-ல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். சில வருடங்களில் சுமார் 40 மிஷன்களும் சபைகளும் பின்னால் நிற்கும் கல்லூரியாக அது மாறியது. பொறுப்பு ஆண்கள் கைக்குப் போய்விடும் என்ற பயத்துக்கு உடனடிப் பதிலாக, முதல் இந்திய இயக்குநராக ஒரு பெண்ணே வந்தார்: டாக்டர் ஹில்டா லாசரஸ். பீபாடி 1949-ல் காலமானார். ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் இறந்தார்.

உண்டியலைப் பகிர்ந்துகொண்ட மற்ற ஆறு? பீஜிங் மருத்துவக் கல்லூரி 1920-களிலேயே ஷான்டாங்கில் இருந்த பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. மற்ற இரண்டு சீனக் கல்லூரிகளும் 1950-களின் தொடக்கத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கரைந்தன. ஜின்லிங் என்ற பெயர் மட்டும் 1987-ல் நான்ஜிங்கில் திரும்ப வந்தது. டோக்கியோவும் லக்னோவும் சென்னையும் இன்றும் பெண்கள் கல்லூரிகளாகவே நடக்கின்றன. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் டபிள்யூசிசி வாசலைக் கடந்து போனால், பீபாடி கேட்டது அப்படியே நிறைவேறிய இடம் அது.