பாவ்லவ்: மணியோசைக்கு அப்பால்

வகுப்பில் ஊக்கத்தொகை பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பாவ்லவின் நாயைத் துணைக்கு அழைப்பேன். மணி ஒலித்தால் நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும். மானியம் அறிவித்தால் மனிதன் அசைவான் என்பேன். மாணவர்கள் சிரிப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு பாவ்லவின் வாழ்க்கையை ஊன்றிப் படித்தபோதுதான் அந்த உவமை எவ்வளவு அரைகுறையானது என்பது விளங்கியது.

இவான் பெட்ரோவிச் பாவ்லவ் 1849-இல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இறையியல் படிப்பைத் துறந்து, 1870-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயிலச் சென்றார். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காகத்தான். உணவு வாய்க்கு வருமுன்பே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது ஏன் என்ற கேள்வி, அதன்பின் அவருடைய எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அவர் தேடியது மூளை இயங்கும் விதத்தை. நாயின் ஒரு பக்கத் தோலில் ஓரிடத்தைத் தொட்டு உணவளித்துப் பழக்கினால், மறுபக்கத்தில் அதே இடத்தைத் தொட்டாலும் உமிழ்நீர் சுரந்தது. மறுபக்கத்துக்கு எவரும் எதையும் கற்பிக்கவில்லை. 1920-களில் அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பைக்கவ், பெருமூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்பிழைப் பாலத்தை நாய்களில் துண்டித்துப் பார்த்தார். அதன்பின் ஒரு பக்கம் கற்றதை மறுபக்கம் அறியவில்லை. இரண்டுக்கும் தனித்தனியே கற்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு மூளையாக நாம் கருதுவது, இடையறாத பரிமாற்றத்தால் ஒன்றாக இருக்கும் இரண்டு பாதிகள் என்பது புலப்பட்டது.

புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில், 1921-இல், லெனின் தனி ஆணை பிறப்பித்துப் பாவ்லவின் ஆய்வுக்கும் வாழ்க்கைக்கும் சிறப்பு வசதிகள் செய்து கொடுத்தார். பாவ்லவ் அவற்றை ஏற்றுக்கொண்டார்; ஆனால் வாயை மூடிக்கொள்ளவில்லை. ராணுவ மருத்துவக் கழகத்திலிருந்து பாதிரியார்களின் பிள்ளைகள் நீக்கப்பட்டபோது, பாதிரியாரின் மகனான அவர் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார். இறுதி ஆண்டுகளில் அரசைப் பொதுமேடையில் பாராட்டியதும் உண்டு. எனினும் 1934-இல்கூட அச்சுறுத்தலையும் வன்முறையையும் கண்டித்து அரசுத் தலைமைக்குக் கடிதம் எழுதினார். 1936 பிப்ரவரியில், 86 வயதில், லெனின்கிராடில் நிமோனியாவால் மறைந்தார்.

நானும் நிதி பெற்று ஆய்வறிக்கைகள் எழுதியவன். நிதி அளித்தவர்களுக்கு உவக்காத முடிவு ஒன்றை, முதன்மை அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பின்னிணைப்பில் ஒதுக்கியிருக்கிறேன். அப்படிச் செய்யும்படி எவரும் சொல்லவில்லை. மணி ஒலிக்குமுன்பே என் பேனா வளைந்துவிட்டது. வாங்கிக்கொண்ட பாதிக்கும் அறிந்திருந்த பாதிக்கும் இடையிலான பாலத்தை நானே துண்டித்துக்கொண்டேன்.

அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்த வாய்த்தால், நாயைப் பற்றிச் சொல்லி நிறுத்திவிட மாட்டேன். அதன் அருகில் நின்றிருந்த மனிதரைப் பற்றியும் சொல்வேன்.