பஞ்சரை உலகத்துக்குத் தந்த மாட்டு டாக்டர்!

பஞ்சரே ஆகாத சைக்கிள் வேணுமா? 1880-கள்ல பிறந்திருந்தா போதும். அப்போ ஓடின சைக்கிள்களுக்கெல்லாம் கெட்டி ரப்பர் டயர்தான். முள்ளு குத்தினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா, ஓட்டுறவரோட இடுப்புக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சக்கரத்துக்குள்ள காத்தை அடைச்சு, கூடவே பஞ்சரையும் நம்ம தலையில் கட்டியவர் ஜான் பாய்ட் டன்லப். இன்ஜினீயர் இல்லை பாஸ், கால்நடை மருத்துவர்!

1840-ல் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் படித்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குப் போய், பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவமனை நடத்தினார். தான் குறைமாதக் குழந்தை என்று நம்பியதால், எப்போதும் உடம்பைப் பற்றிக் கவலைதான். வேகம், பந்தயம் எல்லாம் அவர் ஏரியாவே இல்லை.

1887-ல் அவர் மகன் ஜானிக்குப் பத்து வயசு இருக்கும். கல் பாவிய தெருவில் மூணு சக்கர சைக்கிள் ஓட்டினால் தடதடன்னு ஒரே ஆட்டம். தொழிலுக்காக ரப்பரில் சின்னச் சின்னக் கருவிகள் செய்து பழகியிருந்தார் டன்லப். மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டி டியூப் செய்து, ஒரு மர வட்டில் பொருத்தி, ஃபுட்பால் பம்ப்பால் காத்தடிச்சார். அதையும் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழசு பாதியிலேயே சாய்ந்துவிட்டது. காத்தடிச்சது முற்றத்தைக் கடந்து, கேட்டில் மோதித் திரும்பி வந்தது!

1888 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மே மாதம், வில்லி ஹியூம் என்கிற உள்ளூர் சைக்கிள் வீரர் இந்த டயரோடு பெல்ஃபாஸ்ட் பந்தயத்துக்கு வந்தார். அந்தக் குண்டு டயரைப் பார்த்துச் சிரித்தவர்களைத் தாண்டி, கலந்துகொண்ட எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தார். தோற்றவர்களில் டப்ளின் தொழிலதிபர் ஹார்வி டு க்ராஸின் மகன்களும் இருந்தார்கள். அப்பா கோபப்படலை, அந்த டயருக்காகவே கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

சந்தோஷம் நீடிச்சுதா? 1890-ல் ஒரு குண்டு விழுந்தது. ராபர்ட் தாம்சன் என்கிற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே காத்தடிச்ச சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சைக்கிள் பிரபலமாகாத காலம் என்பதால் ஊரே அதை மறந்திருந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

இன்னொரு தலைவலி, பஞ்சர். டன்லப்பின் டயரைச் சக்கரத்தோடு சேர்த்துத் துணி சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஓட்டை விழுந்தால் முழுசா உரிக்கணும், அடைக்கணும், மறுபடி ஒட்டணும், காய வைக்கணும். பிரான்ஸில் மிஷ்லின் சகோதரர்களின் பட்டறைக்கு அப்படி ஒரு சைக்கிள் வந்து, வேலை முடியவே மணிக்கணக்கில் ஆகி, ராத்திரி முழுக்கக் காயவைத்து, மறுநாள் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காத்து இறங்கிவிட்டதாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் கழற்றி மாட்டும் மிஷ்லின் டயர். 1891-ல் அதைப் போட்டுக்கொண்டு பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பந்தயத்தில் சுமார் 1,200 கிலோமீட்டர் ஓட்டி ஜெயித்தார் சார்ல்ஸ் டெரோன்.

டு க்ராஸும் சும்மா இருக்கலை. டயரின் விளிம்புக்குள் கம்பி வைத்து ரிம்மில் உட்கார வைக்கும் வெல்ச்சின் காப்புரிமையை வாங்கிப் போட்டார். கம்பெனி பிழைத்தது அதனால்தான். இன்றைக்கும் தெருமுனைக் கடையில் லீவர் போட்டு நெம்பினால் கையில் தட்டுப்படுவது அந்தக் கம்பிதான். தண்ணியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு, 15 நிமிஷத்தில் கிளம்பிடறோம். (ஒட்டியதும் டயரின் உட்பக்கம் ஒரு தடவை கவனமா தடவிப் பாருங்க. முள் அங்கேயே இருந்தால் நாளைக்கும் பஞ்சர்தான். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டைன்னா குற்றவாளி முள் இல்லை, காத்து குறைவாக ஓட்டினதுதான்.) இப்போ டியூப்லெஸ், சீலன்ட்னு வந்தாச்சு. நம்ம ஊர் சைக்கிளின் அந்தக் குட்டி ரப்பர் வைத்த வால்வுக்கு டன்லப் வால்வுன்னு பேர். அதைச் செய்தவரும் டன்லப் இல்லை, வுட்ஸ் என்பவர்!

டன்லப் 1890-களின் நடுவிலேயே கம்பெனியிலிருந்து விலகி, டப்ளினில் துணி வியாபாரத்தில் ஈடுபட்டார். 1896-ல் கம்பெனி 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அந்தப் பெரும்பணம் அவர் கைக்கு வரலை. பேர் மட்டும் உலகமெல்லாம் சுற்றியது, நம்ம அம்பத்தூர் டன்லப் தொழிற்சாலை வரைக்கும்.

முகமும் சுற்றியது, அதுதான் அவருக்குப் பொறுக்கலை. அடக்கமான தாடிக்காரத் தாத்தாவை, பகட்டு உடை மாட்டிய மைனராக விளம்பரத்தில் வரைந்துவிட்டது கம்பெனி. எண்பதை நெருங்கிய வயதில், தன் பேரைத் தாங்கிய கம்பெனி மீதே வழக்குப் போட்டார். அது லண்டன் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. அங்கேயும் கம்பெனி ஜெயிக்கலை.

1921 அக்டோபர் 23-ல் டப்ளினில் இறந்தார். டயர் பிறந்த கதையை அவர் எழுதிவைத்திருந்தார், மகள் ஜீன் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் வடக்கு அயர்லாந்து வங்கி ஒன்று தன் 10 பவுண்டு நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது. மைனர் வேஷம் இல்லை, தாடியோடு அவரேதான்.