இடிபாட்டிலிருந்து வந்த விஞ்ஞானி!

குட்டீஸ்! இரவில் இரண்டு பென்சில்களை ஒட்டிப் பிடித்து, நடுவிலுள்ள மெல்லிய இடுக்கு வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கின் இருபுறமும் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரிகிறதா? ஒளி இப்படி விரிவதற்கு, 'விளிம்பு விளைவு' என்று பெயர். (சூரியனை இப்படிப் பார்க்கவே கூடாது!)

இந்தக் கோடுகளை ஆராய்ந்து, ஒளியின் அலைநீளத்தையே அளந்தவர் ஜோசப் பிரான்ஹோபர்.

ஜெர்மனியின் பவேரியா பகுதியில், 1787ல் பிறந்தார். 11 வயதில் தாய், தந்தை இருவருமே இல்லை. மியூனிக் நகரில், கண்ணாடித் தொழில் செய்பவரிடம் சம்பளமில்லாமல் வேலை கற்கச் சேர்த்து விட்டனர். படிக்க ஆசை, முதலாளியோ விடவில்லை.

1801ல் ஒருநாள், அந்த வீடே இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இறந்து போனார். பல மணி நேரத்துக்குப் பின், ஜோசப் உயிரோடு மீட்கப்பட்டான். மீட்புப் பணியைப் பார்க்க வந்த பவேரியா ஆட்சியாளர் மாக்ஸிமிலியன், 18 தங்கக் காசுகள் கொடுத்தார். அங்கு வந்த உட்ஷ்னைடர் என்பவர் புத்தகங்கள் தந்தார். 14 வயதுப் பையன் அந்தக் காசில் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் வாங்கினான். மீதியில், முதலாளியிடமிருந்து விடுதலையும் வாங்கினான்!

பிறகு உட்ஷ்னைடரின் தொழிற்கூடத்தில் சேர்ந்து, அருமையான லென்ஸ்கள் செய்தார். 1814ல், சூரிய ஒளியின் வண்ணப்பட்டையில் 500க்கும் அதிகமான கறுப்புக் கோடுகளைக் கண்டார்.

1821ல், இடுக்கு சோதனையில் இறங்கினார். வழி குறுகினால் கூட்டம் நெருக்கியடிக்கும் அல்லவா? ஒளி நேர்மாறு. இடுக்கு குறுகக் குறுக, அதிகமாக விரியும்! எவ்வளவு விரிகிறது என்று அளந்தால், அலைநீளம் கிடைத்துவிடும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். இடுக்கின் அகலம் 0.1 மி.மீ., திரை இருப்பது 1,000 மி.மீ., தூரத்தில். திரையில் விழும் வெளிச்சத்தின் நடுவிலிருந்து, முதல் இருட்டுக் கோடு 6 மி.மீ., தள்ளி இருக்கிறது. 0.1ஐ 6ஆல் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் 0.0006 மி.மீ., வரும். அதுதான் அலைநீளம், ஆரஞ்சு நிற ஒளி! கண்ணுக்கே தெரியாத அளவை, சாதாரண ஸ்கேலால் பிடித்து விட்டோமே!

பிரான்ஹோபர் திரை வைக்கவில்லை. டெலஸ்கோப்பில் பார்த்துக் கோணத்தை அளந்தார். ஒரே இடுக்கில் கோடுகள் மங்கலாக இருந்ததால், 260 மெல்லிய கம்பிகளை நெருக்கமாகக் கட்டி, நிறைய இடுக்குகள் செய்தார். கோடுகள் பளிச்! அப்படி மஞ்சள் ஒளிக்கு அவர் கண்ட அலைநீளம், இன்றைய அளவுக்கு மிக நெருக்கமானது.

1826ல் காசநோயால் இறந்தபோது, அவருக்கு வயது 39 தான். பிளஸ் 2 படிக்கும் அக்கா, அண்ணனின் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒளி பற்றிய பாடத்தில் அவர் பெயர் இருக்கும்.