யாழ் நரம்பும் குவாண்டம் கோடும்: விபுலாநந்தர் அச்சில் ஏற்றிய கணக்கு

குச்சவெளியில் மின்சாரம் போய்ப் போய் வந்த ஓர் இரவில்தான் இந்தக் கட்டுரைக்கான காரணம் கிடைத்தது. அக்காவின் மகள் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். ஊரில் உயர்தர வகுப்புக்குப் படிக்கும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகக் குவாண்டம் கணினி பற்றி நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து முடிந்துவிட்டது, படம்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

குவாண்டம் சுற்றுப்படம் என்பது பார்க்க எளிமையானது. கிடையாக ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு குவாண்டம் துணுக்கு. கோட்டை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும், காலம் அந்தத் திசையில் நகர்கிறது. கோட்டின்மேல் ஒரு பெட்டி இருந்தால் அந்த இடத்தில் துணுக்கின்மீது ஒரு செயல் நடக்கிறது என்று பொருள். ஒரு கோட்டில் கறுப்புப் புள்ளி, அதிலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு, மற்றக் கோட்டில் கூட்டல் அடையாளம் உள்ள வட்டம் என்றால், மேலேயுள்ள துணுக்கின் நிலையைப் பொறுத்துக் கீழேயுள்ளது மாறும். இரண்டு கோடு, ஒரு பெட்டி, ஒரு புள்ளி, ஒரு வட்டம் போதும், இரண்டு துணுக்குகள் ஒன்றோடொன்று பின்னிப்போவதைக் காட்டிவிடலாம்.

இதைக் கையால் வரைய ஒரு நிமிடம். அச்சுக்குக் கொண்டுவருவதுதான் சிரமம். உலகத்து விஞ்ஞானிகள் இதற்கு லேடெக் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அடிப்படையான டெக், டொனால்ட் நூத் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் உருவாக்கியது. தன்னுடைய நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகள் அழகற்று இருப்பதைக் கண்டு, 1977இல் அந்த வேலையைத் தானே தொடங்கினார். குவாண்டம் படங்களுக்கென்று பிரையன் ஈஸ்டின், ஸ்டீவன் பிளாமியா என்ற இருவர் 2004இல் கியூசர்க்கிட் என்ற துணைநிரலை வெளியிட்டார்கள். இதில் படத்தை யாரும் வரைவதில்லை, அட்டவணை போல அறை அறையாக எழுதுகிறார்கள். ஒரு அறையை விட்டுவிட்டால் அந்த வரியில் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் இடம் மாறி நிற்கும்.

அவளுக்கு அறைகள் சரியாகத்தான் இருந்தன. பெட்டிக்கும் கோட்டுக்கும் தமிழில் பெயரிட முனைந்தபோதுதான் சிக்கல். கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணத்தைப் புதிய கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கோலம் பழக்கமானதுதான். கடைசியில் அவள் களைத்துப்போய், படத்தை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவதாகவும், தமிழில் இப்படியொன்று இல்லாததால் யாருக்கும் குறையில்லை என்றும் சொன்னாள். ஊடகக் கற்கை படித்த காலத்தில் பக்க வடிவமைப்புக்காக மண்டையை உடைத்தவள் நான். அவள் சலிப்பு எனக்கு விளங்கியது. ஆனால் கடைசியாகச் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஏனென்றால் தமிழில் இப்படியான பக்கத்துக்காகத் தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியைச் செலவழித்த ஒரு மனிதரின் பெயர், எங்கள் திருகோணமலையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர். சுவாமி விபுலாநந்தர்.

அவரைத் துறவியாக, கவிஞராக, முத்தமிழ் வித்தகராகப் படித்திருக்கிறோம். விஞ்ஞானப் பட்டதாரியாக யாரும் எங்களுக்கு அதிகம் சொல்லித் தந்ததில்லை. அவருடைய வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்தார். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை, பிள்ளைக்கு வைத்த பெயர் மயில்வாகனன். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி. பிறகு கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் சோதனை. ஒரே ஆளின் கையில் ஆய்வுகூடமும் சங்க இலக்கியமும் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்தார். 1920இல் பட்டம். அதே ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி.

அந்தக் காலத்தில் அப்படியொரு பட்டம் பெற்றவருக்கு முன்னால் வசதியான வாழ்க்கை காத்திருந்தது. அவர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் துறவு. மயில்வாகனன் விபுலாநந்தர் ஆனார். மறு ஆண்டு ஊர் திரும்பி, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியை மிஷன் ஏற்றதும் அந்தக் காலத்தில்தான். அங்கே அவர் அதிபராகவும் இருந்தார். இன்று ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என்று நாங்கள் அழைப்பது அதைத்தான். இங்கிருந்து பிள்ளைகள் புல்மோட்டை வீதியால் பஸ் ஏறி, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, நிலாவெளி வழியாகப் போய்ப் படிக்கும் நகரத்துப் பள்ளிகளில் ஒன்று. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியது 1929இல்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பல்கலைக்கழகம், மாலையில் பக்கத்தில் உள்ள திருவேட்களத்தின் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பாடம். யாருக்குக் கல்வி எட்டவில்லையோ அவர்களிடம் அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருக்கு மேடைப்பேச்சாக இருக்கவில்லை. அதே பத்தாண்டில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் விஞ்ஞானப் பாடங்களுக்குத் தமிழில் கலைச்சொற்களைத் தொகுத்தபோது, அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர்களில் அவரும் ஒருவர். இரசாயனம் தெரிந்த பண்டிதரும், தொல்காப்பியம் தெரிந்த விஞ்ஞானப் பட்டதாரியும் ஒரே ஆளாக அமைவது அன்று அரிது. இன்றும் அரிதுதான்.

இவ்வளவுக்கும் இடையில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் யாழைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று மரபு எண்ணிக்கை சொல்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு இசைகளின் பெயரும் இருக்கிறது. கருவி மட்டும் இல்லை. அதைக் கேட்டவர் எவரும் இல்லை. சொற்கள் மட்டும் எஞ்சிய ஒரு கருவியை மீட்க முடியுமா?

இலக்கியப் புலவராக மட்டும் இருந்திருந்தால் சொற்களுக்கு உரை எழுதியிருப்பார். அவர் கணக்குப் போட்டார். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி கிடைக்கும். இன்றைய பேச்சில் சட்சமத்துக்குப் பஞ்சமம். இது பௌதிகவியல் பாடத்தின் ஆரம்பப் பக்கம். பன்னிரண்டு இராசிகள் கொண்ட வட்டத்தில் ஏழு இசைகளையும் நிறுத்தி, தொடங்கும் இடத்தை மாற்ற மாற்ற வேறு வேறு பாலைகள் பிறக்கும் என்பது பழைய நூல்களின் முறை. இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், புலவர்களின் சொல்லுக்குப் பின்னால் எண்கள் தெரியத் தொடங்கும்.

எண்கள் சுலபமானவை அல்ல. இளிக்கு இளி, அதற்கு இளி என்று பன்னிரண்டு தடவை ஏறிப்போனால் தொடங்கிய இசைக்கே திரும்ப வரவேண்டும். வருவதில்லை. ஒரு சின்ன மிச்சம் விழுகிறது. அந்த மிச்சத்தைப் பின்னமாக எழுதினால் மேலே 531441, கீழே 524288. இசைக்கணக்கில் இறங்குபவர் எவரும் இப்படியான பின்னங்களைத் தவிர்க்க முடியாது.

இப்போது அன்றைய அச்சுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஈய எழுத்து. அச்சுக்கோப்பவர் பெட்டியறைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, தலைகீழாகப் பார்த்துக் கோக்க வேண்டும். ஒரு பின்னத்துக்கு மேலே சின்ன எண்கள், நடுவில் மெல்லிய கோடு, கீழே சின்ன எண்கள், சுற்றிவரச் சரியான இடைவெளி. அட்டவணை என்றால் பித்தளைக் கோடுகளை வெட்டி அறை அறையாக அடுக்க வேண்டும். ஒரு அறை பிசகினால் வரி நகரும், லேடெக்கில் நடப்பதுபோலத்தான். வட்டப்படத்தை ஈயத்தில் கோக்கவே முடியாது. கையால் வரைந்து, படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் அரித்தெடுத்து, மரக்கட்டையில் பதித்து புளொக் செய்ய வேண்டும். அதற்குள் ஓர் எழுத்துப் பிழையென்றால் பெரும்பாலும் புதிய புளொக்தான். திருத்துவதற்குப் புலவர் கண்ணும் போதாது, கணக்கர் கண்ணும் போதாது. இரண்டும் வேண்டும்.

சுமார் 14 ஆண்டு ஆராய்ச்சி என்று யாழ் நூலைப் பற்றிச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. இமயமலையில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். அது உலகப் போர்க்காலம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசும் முதல் போர் அதுதான். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். உடம்பு அதற்குள் தளரத் தொடங்கிவிட்டது. பேராசிரியர் வேலை, நோய், முடியாத நூல் என்று மூன்றையும் ஒன்றாகச் சுமந்தார்.

புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த சிதம்பரம் செட்டியாரின் உதவியும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் பதிப்பும் சேர, நூல் 1947இல் வெளிவந்தது. யாழின் உறுப்புகள், இசை நரம்புகள், பாலைகளின் திரிபு, பண்கள், தேவாரம் என்று இயல் இயலாகப் பிரித்திருந்தார். ஜூன் 5, 6ஆம் திகதிகளில் தஞ்சைப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். நூலின் கணக்குப்படி செய்த யாழ்களும் அங்கே கொண்டுவரப்பட்டன. ஜூலை 19ஆம் திகதி அவர் காலமானார். அரங்கேற்றத்துக்கும் மரணத்துக்கும் இடையில் 43 நாள். அவருடைய உடல் கல்லடி உப்போடையில், அவர் கட்டிய பாடசாலை வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது நூல் முடிந்தது என்பது மட்டுமல்ல. படமும் பின்னமும் அட்டவணையும் இல்லாமலே அந்த நூலை எழுதியிருக்கலாம். பழந்தமிழர் இசையில் சிறந்தவர்கள் என்று பெருமை பேசி முடித்திருக்கலாம், கைதட்டும் கிடைத்திருக்கும். அவர் கணக்கைத் திறந்து வைத்தார். அதனால்தான் பின்வந்த இசையாய்வாளர் சிலர் அவருடைய சில முடிவுகளை மறுக்க முடிந்தது. எந்தப் படியில் உடன்படவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. சொல்லை நம்பச் சொல்வது வேறு, சரிபார்க்கக் கொடுப்பது வேறு. அழிவைப் பார்த்த எங்கள் சமூகத்துக்கு இந்த வேறுபாடு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போயின. இடம்பெயர்ந்த குடும்பங்கள் அரிசியையும் பிள்ளையையும் தூக்கினார்கள், கொப்பிகளை விட்டுவிட்டார்கள். எங்களிடம் நினைவுகள் நிறைய உண்டு. மற்றவர் சரிபார்க்கக்கூடிய தாள்கள் குறைவு. விபுலாநந்தர் நினைவை அவ்வாறான தாளாக மாற்றப் பாடுபட்டவர்.

இன்றும் எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்து, பல்கலைக்கழக வாசலில் அதை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ஆங்கிலம் வேண்டும், அதில் விவாதமில்லை. விபுலாநந்தரும் ஆங்கில இதழ் நடத்தியவர்தான். ஆனால் அங்கே படித்ததைத் திருப்பி ஊருக்குக் கொண்டுவரும் பாதையில் பாலம் போடுபவர் குறைவு. பாலம் சில நேரம் நாலு பக்கக் குறிப்பாகக்கூட இருக்கலாம்.

இதையெல்லாம் அன்றிரவு அவளுக்கு ஒரேயடியாகச் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கு நரம்பின் கதையை மட்டும் சொன்னேன். நான் சொன்ன எண்ணை நம்பாமல் தானே பெருக்கிப் பார்த்தாள். மிச்சம் விழுந்தது. சின்னம்மாவுக்குக் கணக்கு வரும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

மறுநாள் காலை, தமிழ் ஒருங்குறியை ஒழுங்காகக் கையாளும் சீடெக் என்ற இயந்திரத்துக்கு ஆவணத்தை மாற்றினாள். கொம்பு தன் இடத்துக்கு வந்தது. மேற்கோட்டுக்கு முதல் துணுக்கு, கீழ்க்கோட்டுக்கு இரண்டாம் துணுக்கு, வலது ஓரத்தில் அளவீடு என்று பெயர்கள் நின்றன. ஒரு வட்டம் மட்டும் கோட்டிலிருந்து மயிரிழை விலகியிருந்தது. அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு மணி நேரம் போனது. யாருக்கும் தெரியாது விடு என்று நான் சொல்லவில்லை. பின்னேரம் படியெடுத்து, ரியூசன் கொட்டிலில் பதினொரு பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஒரு பெடியன் படத்தைப் பார்த்துவிட்டு, புள்ளியைக் கீழ்க்கோட்டிலும் வட்டத்தை மேற்கோட்டிலும் வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டான். அவள் பதிலைச் சொல்லாமல் பென்சிலை நீட்டினாள்.