ஆற்றைக் கடக்க வைத்த சிரஸ்தார்

பாலம் கட்டுகிறவன்தானே, ஒரு பாலத்தைப் பற்றியே எழுதிக் கொடுத்துவிடு என்று மலர்க்குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கு ஊர் புதுவயல். ரைஸ் மில்லுக்குக் குறைவில்லை, ஆறுதான் கிடையாது. ஊருணியும் கண்மாயும் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆற்றுப் பாலம் என்றாலே அதிசயம். அப்படி நான் வாய் பிளந்து நின்ற பாலம், திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலம். பாலத்தின் அளவையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தேனே தவிர, யார் இந்த முதலியார் என்று கேட்கத் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

சுலோசன முதலியார் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். நம்மவர்கள் எட்டக்கூடிய பெரிய உத்தியோகம் அந்தக் காலத்தில் அதுதான். அவருடைய தகப்பனார் இராமலிங்க முதலியார் கம்பெனியின் துபாஷி. 1799-ல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் கட்டபொம்மனிடம் தூது அனுப்பியது அவரைத்தான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. மலரில் எழுத வேண்டிய ஆள்தானா என்றுகூட யோசித்தேன்.

அப்போது திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கப் படகுதான் வழி. கொக்கிரகுளம் துறையில் எப்போதும் கூட்டம். முந்தி ஏறுவதற்குத் தள்ளுமுள்ளு, அடிதடி. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. 1840-ல் கலெக்டர் தாம்சன் பாலம் கட்டியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தார். திட்டம் போட்டவர் கேப்டன் ஃபேபர். மதிப்பீடு சுமார் அரை லட்சம் ரூபாய். இன்றைக்கு நமக்கு இது ஒரு டெண்டர் டெபாசிட் தொகை. அன்றைக்கு அது பெரிய சொத்து. ஊரில் வசூல் செய்யலாம் என்றுதான் முதல் யோசனை. வசூல் நமக்குத் தெரியாததா! கடைசியில் மொத்தச் செலவையும் தானே ஏற்பதாக முதலியார் சொல்லிவிட்டார். வீட்டம்மாள் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக நெல்லைப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

தேம்ஸ் நதியின் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து, ஹார்ஸ்லி என்ற எஞ்சினீயர் கட்டினார். நீளம் 760 அடி. 60 அடி அகலத்தில் 11 வளைவுகள். ஒவ்வொரு தூணிலும் ஜோடித் தூண் அலங்காரம். சிறைக் கைதிகளும் வேலை பார்த்திருக்கிறார்கள். 1843 நவம்பரில் திறந்தார்கள். அன்று மேளதாளத்தோடு முதலியாரைத்தான் முன்னே நடக்கவிட்டார்களாம்.

1869 வெள்ளத்தில் சில வளைவுகள் இடிந்து, 1871-ல் சீராயின. பிற்காலத்தில் பாலத்தை அகலப்படுத்தினார்கள். 1992 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் தாங்கி இன்றும் வண்டிகளைச் சுமக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. மாதிரியாக வைத்துக்கொண்ட லண்டன் பாலம், அடித்தளத்தை நீர் அரித்துத் தூண்கள் இறங்கிப் போனதால் 1930-களில் இடிக்கப்பட்டது. நகல் நிற்கிறது, அசல் போய்விட்டது!

அப்பா செய்ததற்குப் பிள்ளை பரிகாரம் செய்தார் என்று கதை கட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று நமக்கென்ன தெரியும்? பணம் எப்படிச் சேர்ந்ததோ தெரியாது. அந்தப் பணம் ஊருக்குத் திரும்பி வந்தது. யார் எவர் என்று பார்க்காமல் எல்லோரையும் அக்கரை சேர்த்தது. எனக்கு அது போதும்.

நாம் படித்ததும் ஒரு தனிமனிதரின் கொடையில்தானே. குடியிருந்த வீட்டையே கல்லூரிக்குக் கொடுத்த அழகப்பரைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினீயராக ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கொடுத்தவர் ஒருவர், ஆனால் 1869-க்குப் பிறகு அதை எடுத்துக் கட்டியவர்கள் இல்லையென்றால் இன்று பாலமும் இல்லை, முதலியார் பேரும் இல்லை. நம் சங்கம் கல்லூரிக்கு எது செய்தாலும், செய்ததைப் பராமரிக்கவும் ஒரு பங்கு ஒதுக்கி வைப்போம். வள்ளலாக எல்லோராலும் முடியாது. ரிப்பேர் பார்க்க எல்லோராலும் முடியும்.

மலர் படிக்கும் நண்பர்கள் நெல்லைப் பக்கம் போனால், பாலத்தில் ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள். வாழ்க நம் கல்லூரி!