விவசாயிகளைத் தேடிப் போன விஞ்ஞானி: யார் இந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்?

அடுத்த முறை கச்சாங் பூத்தே கொறிக்கும்போது இவரைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

கார்வர், 1860களில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினத்தவர் என்பதால் ஒரு கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. விடாமல் படித்தார். அயோவாவில் முதுநிலைப் பட்டம் பெற்று, 1896இல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே என்ன பிரச்சினை?

பருத்தியையே திரும்பத் திரும்பப் பயிரிட்டதால் மண் சத்திழந்து போயிருந்தது. மாற்றாக வேர்க்கடலையும் தட்டைப்பயறும் போடச் சொன்னார் கார்வர். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக மாற்றித் தரும். ஏழைக் குடும்பங்களுக்குப் புரதமும் கிடைக்கும்.

சரி, இதை விவசாயிகளிடம் எப்படிச் சொல்வது?

பலரால் வேலையை விட்டுட்டு வகுப்புக்கு வர முடியாது. அதனால் 1906இல், கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி அவர்களைத் தேடிப் போனது. 1916இல் வேர்க்கடலையைச் சமைக்க 105 வழிகள் சொல்லும் கையேட்டை வெளியிட்டார்.

பீனட் பட்டரைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

இல்லை. பலரும் அப்படி நினைக்கிறாங்க, ஆனா அது தவறு.

1943இல் கார்வர் காலமானார். தம் வாழ்நாள் சேமிப்பை டஸ்கீகியில் ஆய்வு தொடரவே கொடுத்துவிட்டார்.