வாள் தேர்ந்த கண்: ஹொனாமி கோயெட்சு

ஒரு பொருளைச் செய்தோனைப் புகழ்வது உலகியல்பு. செய்த பொருளின் தரம் இன்னதென்று ஆராய்ந்து துணிந்துரைப்போனை உலகம் அத்துணை நினைப்பதில்லை. ஆயின், யப்பான் நாட்டிலே வாட்களின் தரங்காண்டலையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு குடும்பம் பல நூற்றாண்டுகள் புகழுடன் வாழ்ந்தது. அதன் பெயர் ஹொனாமி. அக்குடும்பத்திலே 1558ஆம் ஆண்டு கியோத்தோ நகரிற் பிறந்து, 1637ஆம் ஆண்டு மறைந்தவர் கோயெட்சு. கலை வரலாறுகள் இவரை எழுத்தணிக் கலைஞர் என்றும், குயவர் என்றும், அரக்குப் பேழை வகுத்தவர் என்றும் போற்றும். வாள் தேர்வோர் என்னும் முதற்பெயர் பெரும்பாலும் பின்னே தள்ளப்பட்டு விடும். யானோ அம்முதற்பெயரையே வேராகக் கொண்டு அவர் வாழ்க்கையை நோக்க விரும்புகின்றேன்.

ஹொனாமி குலத்தார் செய்த பணி மூன்று: வாளைத் தீட்டுதல், துடைத்துப் பேணுதல், தரங்கண்டு உரைத்தல். அசிக்காகா தலைவர் காலந்தொட்டு இப்பணி அவர்க்கு உரியதாயிற்று என்பது குலமரபு. ஒடா நொபுனாகா, தொயொதொமி ஹிதெயோஷி, தொக்குகாவா இயெயாசு ஆகிய பெருந்தலைவர் மூவரும் அடுத்தடுத்து இவர்தம் கைத்திறனை நாடினர். கோயெட்சுவின் தந்தையாராகிய கோஜி வேறொரு போர்வீரர் குடும்பத்திற் பிறந்து, மகன்மை கொள்ளப்பட்டு இக்குலத்தில் வந்தவர். தாயார் மியோஷு அம்மையாரே அக்குலத்தின் மகள். காகா நாட்டுத் தலைவரான மயேதா குடும்பத்தார் கோஜிக்கு ஆண்டுக்கு 200 கொக்கு அரிசி மானியமாக வழங்கினர். ஒரு கொக்கு என்பது ஒருவன் ஓராண்டு உண்ணும் அரிசி எனக் கருதப்பட்ட அளவு.

வாளின் தரங்காண்டல் எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். யப்பானிய வாளைச் செய்யுங் கொல்லன் அதன் முதுகில் மண்ணைத் தடிப்பாகவும், கூரிய விளிம்பில் மெல்லிதாகவும் பூசிக் காய்ச்சி நீரிலே தோய்ப்பான். விளிம்பு விரைந்து குளிர்ந்து வன்மையுறும்; முதுகு மெதுவே குளிர்ந்து நெகிழ்வுடன் நிற்கும். இரண்டும் கூடுமிடத்தே வெண்ணிறமான தோய்ச்சற்கோடு ஒன்று தோன்றும். அது சிலவற்றில் நேராகவும், சிலவற்றில் அலைபோலவும், சிலவற்றில் மலர்க்கொத்துப் போலவும் அமையும். தரங்காண்பவன் முதலில் வாளின் வடிவையும் வளைவையும் நோக்கிக் காலத்தைத் துணிவான்; பின்னர் மடித்தடித்த இரும்பின் இழையோட்டத்தை நோக்கி நாட்டையும் மரபையும் துணிவான்; இறுதியில் தோய்ச்சற்கோட்டை நோக்கிக் கொல்லனைத் துணிவான். பிடிக்குள் மறையும் அடிப்பகுதியிலே கொல்லன் பெயர் பொறிக்கப்பட்டிருத்தல் கூடும். ஆயினும் பெயரை மட்டும் நம்பி முடிவு கூறுவோன் இத்துறையில் மாணாக்கனாதற்கும் உரியனல்லன். பொய்ப்பெயர் பொறித்தல் அக்காலத்தும் மலிந்திருந்தது. நீண்ட பழைய வாட்களை அடிப்புறத்தே குறைத்தபோது மெய்ப்பெயர் அழிந்தொழிதலும் உண்டு. ஆதலின் அடிப்பகுதியின் துருவைத் துடைத்தல் ஆகாது என்பது விதி. அத்துருவின் நிறமும் காலத்திற்குச் சான்று பகரும்.

தீட்டுதலும் ஒருவகை ஆராய்ச்சியே. முரட்டுக் கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்கல்லுக்கு வந்து, ஈற்றில் விரல்நுனியில் வைத்த மெல்லிய கற்சீவலாலே தேய்ப்பர். ஒவ்வொரு தேய்ப்பிலும் வாளின் உடல் சிறிது குறையும், குறைந்தது மீளாது. ஆதலின் எவ்வளவு தீட்டலாம் என்பதிலும் எங்கே நிறுத்தவேண்டும் என்பதே பெருங்கல்வி.

ஹிதெயோஷியின் காலத்திலே, ஹொனாமி குலத்தின் தலைக்குடும்பத்தவரான கோத்தொக்கு என்பவர், ஆராய்ந்த முடிவை மடித்த தாளில் எழுதி முத்திரையிட்டு வழங்கும் உரிமை பெற்றார். பிற்காலத்தில் அக்குலத்தார் மாதந்தோறும் மூன்றாம் நாள் கூடி ஆய்ந்து அத்தாளை வழங்கினர். கொல்லன் பெயரும், பொன்னளவில் வாளின் மதிப்பும் அதிற் குறிக்கப்படும். ஐயத்திற்கிடமின்றி உறுதிப்பட்டதொன்றனை மடிதாள் உடையது என யப்பானியர் இன்றும் வழங்குவது இதனாலேயே. இத்தாள் வெறுந்தாள் அன்று. போரில் வென்ற தலைவன் வீரனுக்கு நிலத்திற்கு ஈடாக வாளைப் பரிசளித்த காலம் அது. ஒரு சொல்லால் ஒரு வாள் ஒரு நாட்டின் விலை பெறும். மற்றொரு சொல்லால் வெறும் இரும்பாகும். சொல்லுவோன் முன்னே நிற்பவனோ உயிர்கொள்ளும் ஆற்றல் படைத்தவன்.

இத்தகைய இக்கட்டில் அக்குலத்தார் எங்ஙனம் நடந்தனர் என்பதற்கு அவர்தம் குடும்ப நடைமுறை ஏடு ஒரு செய்தி கூறும். இயெயாசு தம்மிடமிருந்த பழைய குறுவாள் ஒன்றைக் காட்டி, அது புகழ்பெற்ற கொல்லன் மசமுனேயின் படைப்பெனச் சொல்லக் கேட்க விழைந்தார். குலத்துப் பெரியவர் ஒருவர் அதனை நோக்கி, தீயிலகப்பட்டு மீண்டும் தோய்ச்சலிடப்பட்ட வாள் இது, மதிப்பற்றது என்று கூறிவிட்டார். தலைவர் முகங் கறுத்தார். பெரியவரோ தம் சொல்லை மாற்றவில்லை. இச்செய்தி குடும்பத்தாரே எழுதி வைத்ததாதலின் சிறிது மிகையும் இருத்தல் கூடும். எனினும், ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்கு எதனைப் பெருமையாகச் சொல்லி வளர்த்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மியோஷு அம்மையாரின் வரலாறும் அவ்வேட்டிலே உண்டு. அவதூறு ஒன்றினால் நொபுனாகாவின் சினத்திற்குக் கணவர் ஆளானபோது, வேட்டைக்குச் சென்ற அத்தலைவரின் குதிரையை வழிமறித்து நின்று அம்மையார் முறையிட்டார் என்பர். நிச்சிரென் வழிப் பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். கையில் வந்தவற்றைப் பிறர்க்கே பகிர்ந்தளித்தவர். 1618ஆம் ஆண்டு, யப்பானியர் கணக்கின்படி தொண்ணூறாம் அகவையில், அவர் மறைந்தபோது எஞ்சியவை சில உடைகளும் பருத்திப் படுக்கையுமே என ஏடு கூறும். பொன்னின் மதிப்பைத் தாளில் எழுதுங் குடும்பத்தில், பொன்னை மதியாத இவ்வன்னையே மகனுக்கு முதலாசிரியர் ஆனார்.

இனிக் கோயெட்சுவின் கலைக்கு வருவோம். எழுத்தணிக் கலையில் அக்காலத்து மூவருள் ஒருவராக அவர் எண்ணப்பெற்றார். மற்றை இருவர் கொனொயே நொபுதாதா, ஷோக்காதோ ஷோஜோ என்போர். உயர்குடிப் பிறந்த நொபுதாதா, நாட்டில் எழுத்திற் சிறந்தோர் யாவரென வினவ, கோயெட்சு முதலிடத்தை விட்டு, இரண்டாமவர் தாங்கள், மூன்றாமவர் ஷோஜோ என்றாராம். முதல்வர் யாரெனக் கேட்க, அடியேன் என்றாராம். இதனைச் செருக்கெனக் கொள்வாரும் உளர். வாளுக்குச் சொல்லும் மெய்யையே தமக்கும் சொன்னார் என்பது என் கருத்து.

ஓவியர் தவராயா சோதட்சு பொன்னாலும் வெள்ளியாலும் நாரைக் கூட்டம் வரைந்த, 13 மீற்றருக்கு மேல் நீண்ட தாட்சுருளிலே, பழம்புலவர் முப்பத்தறுவரின் பாடல்களைக் கோயெட்சு எழுதினார். நாரை செறிந்தவிடத்தே எழுத்து மெலியும்; வெளி விரிந்தவிடத்தே எழுத்துத் தடிக்கும். அவர் வகுத்த படகுப்பால எழுதுபேழை இன்னும் வியப்புடைத்து. குவிந்த மூடியின்மேல் பொற்படகுகள். அவற்றின் குறுக்கே ஈயத்தகட்டாலான பாலம். அவற்றிடையே ஒரு பழம்பாட்டின் எழுத்துக்கள். ஆயின் பாட்டிலுள்ள படகுப்பாலம் என்னுஞ் சொல் மட்டும் அங்கே எழுதப்படவில்லை. ஈயப் பாலத்தைக் கண்ணுறுவோன் அச்சொல்லைத் தானே நிரப்பிப் படித்தல் வேண்டும். கருங்கீழும் வெண்மேலுமாய்ச் சூளையில் தானே அமைந்த அவர்தம் தேநீர்க் கிண்ணம் பூஜி மலையின் பெயர் பெற்றது. இப்பேழையும் கிண்ணமும் இன்று யப்பானின் தேசியச் செல்வங்கள். இரும்பில் மேகத்தையும் அலையையும் கண்டு பழகிய கண், மண்ணிலும் மையிலும் ஈயத்திலும் அவற்றைக் காண்டல் இயல்பேயன்றோ?

1615ஆம் ஆண்டு ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தது. கோயெட்சுவுக்குத் தேநீர்க் கலை பயிற்றிய புருதா ஒரிபே ஐயத்திற்கு ஆளாகித் தம்முயிரைத் தாமே போக்குமாறு பணிக்கப்பட்டார். அதே ஆண்டில் இயெயாசு கியோத்தோவின் வடமேற்கிலுள்ள தக்ககாமினே என்னும் நிலத்தைக் கோயெட்சுவுக்கு வழங்கினார். அது பரிசா, நகரத்தினின்றும் அகற்றும் சூழ்ச்சியா என அறிஞர் இன்றும் வழக்கிடுவர். எவ்வாறாயினும், உறவினரும் கைவினைஞருமாக ஐம்பதிற்கு மேற்பட்ட குடிகளுடன் அவர் அங்கே குடியேறினார். முதுமையிற் பாரிசவாதம் கையைத் தாக்கியது. பிற்காலத்து எழுத்திலே நடுக்கம் தெரியும். அதனை மறைக்க அவர் முயலவில்லை. அவர் வாழ்ந்த இடத்தே இன்று கோயெட்சு கோயில் உளது.

வாள் தரிப்பது 1876இல் யப்பானில் தடைசெய்யப்பட்டது. 1945இல் தோல்வியுற்றபின் எண்ணற்ற வாட்கள் பறிபோயின. எனினும் கலை மறையவில்லை. ஹொனாமிப் பெயர் தாங்கிய நிஷ்ஷு என்பார், வாள்தீட்டும் கலைக்காக 1975இல் அரசினால் வாழும் தேசியச் செல்வமெனச் சிறப்பிக்கப்பெற்றார்.

இறுதியாக ஒன்று. கோயெட்சுவின் பெயரால் வழங்கும் கிண்ணங்களும் எழுத்துக்களும் பல. அவற்றுள் அவர் கைப்பட்டவை எவை, வழிவந்தோர் செய்தவை எவை என்பதனை ஆராய்வதே இன்றைய அறிஞர்க்குப் பெரும்பணியாயிற்று. பிறர் பொருளைத் தேர்ந்த குலமகனின் பொருளே தேர்வுக்குள்ளாயிற்று. அவருக்கு இது வருத்தந் தந்திராது என எண்ணுகின்றேன். பெயரை மூடி வைத்துப் பொருளை நோக்குக என்பதன்றோ அவர் குலத்தின் முதற்பாடம்? நூலை மதிப்பிடுவோரும், மாணவரின் விடைத்தாளைத் திருத்துவோரும், பெரியோர் முன்னிலையில் கருத்துரைக்க நேர்வோரும் கற்க வேண்டிய பாடமும் அதுவே.